பத்து அவுன்ஸ்

டார்லா சிலிண்டரைத் தராசில் ஏற்றினாள். தண்டின் மேலிருந்த சின்ன எடையை ஒரு விரலால் மெல்லத் தள்ளி, தண்டு ஆடாமல் நிற்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். மேயோவில் கடலைக் கிடங்கு ஏலம் போனபோது அவள் அப்பா வாங்கிப்போட்ட தராசு அது. இடுக்கில் இன்னும் பழைய கடலைத்தோல் ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி. கம்ப்ரசர் ஓடத் தொடங்கவில்லை. குகைக்குள் நீந்துகிறவர்களுக்குச் சிலிண்டர் நிரப்பிக் கொடுக்கும் அவள் கடையில், நான் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, பெட்ரோல் பங்கில் வாங்கிய தொத்திறைச்சி வைத்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தேன்.

"சார், நீங்க எழுதின தாள்ல ஒரு சிலிண்டர் காத்துக்கு எவ்வளவு எடை போட்டிருக்கீங்க?"

"அஞ்சு பவுண்டு ஒம்போது அவுன்ஸ்."

அவள் சிலிண்டரின் கழுத்தில் சாக்பீஸால் எழுதியிருந்த காலி எடையைப் பார்த்தாள். உதடுகள் அசையாமல் கழித்தாள். "இதுல நாலு பவுண்டு பதினஞ்சுதான் இருக்கு."

"கசிஞ்சிருக்கும்."

"கேஜ் மூவாயிரத்து அறுநூறு காட்டுதே."

"அப்ப தராசு பொய் சொல்லுது."

"காலைல நானும் ஏறிப் பார்த்தேன். பொய் சொல்லியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆழத்தில் மூச்சுவிடுவதற்கான கலவையை இரண்டு முறை கருவியில் பார்த்துவிட்டதாகவும், ஹீலியமும் ஆக்சிஜனும் புள்ளி பிசகாமல் இருப்பதாகவும் சொன்னாள். பிறகு என் தாளைத் தராசின் தட்டிலேயே வைத்துவிட்டு, கம்ப்ரசரை ஓட்டப் போய்விட்டாள். அந்த இரைச்சலில் யாரும் பேச முடியாது. பல நாட்களில் அதற்காகவே எனக்கு அந்த இயந்திரத்தைப் பிடிக்கும்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டார்லாவின் கணவன் ராய்ஸும், லைவ் ஓக் பக்கம் தபால் கொண்டுபோகும் பிலார் என்ற பெண்ணும் ஒன்பது வருடமாக ஸ்பைவி ஊற்றின் நீரடிக் குகைக்குள் நீந்திப் போய், திரும்பும் வழி தெரியக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கயிறு முடியும் இடம் இருநூற்றுத் தொண்ணூறு அடி ஆழத்தில் இருக்கிறது. அதற்கு அப்பால் யாரும் போனதில்லை. மறுநாள் காலை அவர்கள் அதைத் தாண்டிப் போவதாக இருந்தது. அவ்வளவு தூரத்துக்கு முதுகில் கட்டிய சிலிண்டர் போதாது. விட்ட மூச்சையே சுத்தம் செய்து திருப்பித் தரும் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு போவார்கள். அது நடுவழியில் நின்றுபோனால் வெளியே வருவதற்காக, வழியில் முன்கூட்டியே நாலு சிலிண்டர்களைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். டார்லா தராசில் ஏற்றியது, அதே கலவையை அதே அழுத்தத்தில் நிரப்பிய இன்னொன்று. எத்தனை வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது நான். கடைசியிலிருந்து வெளியே வர எண்பது நிமிட மூச்சு வேண்டும். ஒரு சிலிண்டரில் இருபத்திரண்டு நிமிடம். நாலில் எண்பத்தெட்டு. எட்டு நிமிடம் மிச்சம் என்று கீழே கோடு போட்டு, 'இ. ஹாஸ்கின்ஸ்' என்று கையெழுத்தும் போட்டிருந்தேன். தூக்கிப்போக உதவுமே என்று எடையையும் ஒரு பக்கத்தில் எழுதியிருந்தேன். யாரும் கேட்காத எண் அது. வாத்தியார் புத்தி.

இருபத்தாறு வருடம் மாவட்டப் பள்ளியில் வேதியியல் நடத்தினேன். ஓய்வுபெற்ற பிறகு என் மனைவி ஜூடித் டல்லஹாஸியில் தன் தங்கையோடு இருக்கப் போனாள். சண்டை ஒன்றுமில்லை. முப்பது வருடம் ஒரே வீட்டில் ஒருவர்மேல் ஒருவர் உரசாமல் இருந்தோம், அவ்வளவுதான். வீட்டில் தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவனை டார்லாதான், "காலைல நாலு மணி நேரம் கல்லாவுல வந்து படிங்க சார், நான் சம்பளம் தரேன்" என்று கூப்பிட்டாள். அவள் என் மாணவி. மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் என்று அவள் சொல்லித்தான் தெரியும். எனக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. வந்ததுபோல் தலையாட்டினேன்.

கடைக்கு வந்த மூன்று வருடத்தில் நான் ஒருமுறைகூட நீருக்குள் இறங்கியதில்லை. ஆனால் இங்கே வரும் குகை நீச்சல்காரர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் எனக்கு. வெளியே பார்த்தால் கூரை வேய்கிறவர்கள், செவிலியர்கள், டீசல் மெக்கானிக்குகள். சிலிண்டரைக் கையில் வாங்கியதும் வேறு ஆளாகிவிடுவார்கள். டார்லா நிரப்பிக் கொடுத்தாலும் அவள் வார்த்தையை ஏற்க மாட்டார்கள். தாங்களே கருவியில் பார்த்து, தங்கள் கையாலேயே நாடாவில் எழுதி ஒட்டுவார்கள். அதில் டார்லாவுக்குக் கோபம் வராது. எழுதாமல் எடுத்துக்கொண்டு போகிறவன்மேல்தான் வரும். உள்ளே கொண்டுபோகும் காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, மீதி ஒரு பங்கு கூட வருபவனுக்கு. முன்பின் தெரியாதவனோடு போனாலும் அந்தப் பங்கைத் தொடக்கூடாது. இன்னொன்றும் உண்டு. கட்டைவிரலை மேலே தூக்கிக் காட்டினால் முடிந்தது, திரும்பு என்று பொருள். யார் வேண்டுமானாலும் காட்டலாம், எப்போது வேண்டுமானாலும். ஏன் என்று கேட்கக்கூடாது. பார்த்தவன் தானும் கட்டைவிரலைக் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். நீந்த ஆரம்பித்துச் சில மாதங்களே ஆனவள் காட்டினாலும் இருபது வருட ஆள் திரும்பியாக வேண்டும். வகுப்பில் கைதூக்கிய பிள்ளைகளிடம் நான் எத்தனை முறை ஏன் என்று கேட்டிருப்பேன்.

இந்தப் பக்கத்துக்கே உரிய பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். இங்கே எல்லோரிடமும் இருப்பது பழைய கனத்த எஃகு சிலிண்டர்கள். தாங்கும் அழுத்தம் இரண்டாயிரத்து நானூறு என்று தோளில் பொறித்திருக்கும். நாங்கள் மூவாயிரத்து அறுநூறு வரை ஏற்றுவோம். வேறு ஊர்க்காரன் பார்த்தால் கதவைத் தேடி ஓடுவான். இங்கே அதுதான் வழக்கமான நிரப்பு. அந்த அழுத்தத்தில்தான் என் கணக்கு நின்றுகொண்டிருந்தது.

பதினொரு மணிக்குக் கம்ப்ரசர் நின்றது. டார்லா துணியில் கை துடைத்துக்கொண்டே வந்து, கல்லாவின் கீழிருந்து ஒரு நோட்டை எடுத்து என்முன் வைத்தாள். எண்ணெய்க் கறை படிந்த நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்திகள்: கேஜ் காட்டியது, கலவை, எடை. பதினாறு வருடத்துக் கணக்கு. ஒரு சூத்திரம் இல்லை, ஒரு விளக்கமும் இல்லை. ஆயிரம் பவுண்டு அழுத்தம் வரை அழுத்தத்துக்கு ஏற்ற மாதிரி எடையும் ஒழுங்காக ஏறிக்கொண்டு போனது. இரண்டாயிரத்தைத் தாண்டியதும் பின்தங்கத் தொடங்கியது. ஹீலியம் அதிகமான பக்கங்களில் இன்னும் பின்தங்கியது. கேஜின் முள் ஏறுகிறது, உள்ளே போகும் காற்று அந்த அளவுக்கு ஏறவில்லை.

"மேல போகப் போக அதுக்கு இடம் பத்தல சார்," என்றாள். "நெருக்கியடிச்சிட்டு நிக்குது. முள்ளு மட்டும் தள்ளுது."

"எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"தாள் ராய்ஸ் சட்டைப் பையிலேயே இருந்துது. நேத்து துவைக்கப் போட்டப்பதான் பார்த்தேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "பள்ளிக்கூடத்துல ஒரு தடவை சொன்னேன். ஒரு சிலிண்டர் கணக்கு கொடுத்தீங்க. அப்பாகூட இங்க நின்னு நின்னு எனக்குத் தெரியும்ல. விடை வர்றதைவிடக் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும்னு எழுதினேன். சிவப்புல சுழிச்சு, 'கேள்வியைச் சரியாகப் படி'ன்னு போட்டீங்க."

"எனக்கு நினைவில்லை டார்லா."

"ஏன் இருக்கணும்? நூத்தம்பது பேர் எழுதினோம்." அவள் குரலில் குத்தல் இருக்குமோ என்று தேடினேன். இல்லை. வேகவைத்த கடலைப் பையை என் பக்கம் தள்ளினாள். "கேள்வில 'நல்லியல்பு வாயு என்று கொள்க'ன்னு இருந்துது. நான் அதைப் படிக்கல. தப்பு என்னோடதுதான்."

மதியம் வீட்டுக்குப் போய்ப் பழைய பாடப்புத்தகத்தை எடுத்தேன். நல்லியல்பு வாயுவின் அத்தியாயம் கைபட்டுக் கைபட்டுக் கறுத்திருந்தது. அந்த வாயுவின் துகள்களுக்கு உடம்பு கிடையாது. இடம் அடைக்காது. ஒன்று இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. ஒன்றை ஒன்று இழுக்காது, தள்ளாது. எவ்வளவு அழுத்தினாலும் முனகாமல் பாதியாகும், கால்வாசியாகும். எவ்வளவு சுத்தமான விதி. அதைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு நிம்மதி வரும். அத்தியாயத்தின் கடைசி மூன்று பக்கங்கள் இயல்பு வாயுக்களைப் பற்றியவை. அவை மட்டும் வெள்ளையாகவே இருந்தன. மூலையில் பென்சிலில், என் கையெழுத்தில், 'தேர்வுக்கு இல்லை' என்று இருந்தது. உலகத்தில் உள்ள எந்தச் சிலிண்டரிலும் அடைபட்டிருக்கும் வாயு அந்த மூன்று பக்கங்களில்தான் இருக்கிறது. துகள்களுக்கு உடம்பு உண்டு. நெருக்கினால் அந்த உடம்பு இடத்தைக் கேட்கும். ஹீலியம் மிகச் சிறியது, ஆனால் பக்கத்தில் இருப்பதன்மேல் அதற்கு ஒட்டுதலே இல்லை. அதனால் அதை நெருக்குவது இன்னும் கடினம். இருபத்தாறு வருடம் எங்கும் இல்லாத ஒன்றைப் பற்றி நான் பாடம் நடத்தியிருக்கிறேன். எங்கும் இருப்பதைப் பற்றி ஒரு பெண் பிள்ளை எழுதியபோது சுழித்திருக்கிறேன்.

உட்கார்ந்து மறுபடி போட்டேன். மூன்று வழிகளில் போட்டும் விடை ஒரே இடத்துக்கு வந்தது. ஒரு சிலிண்டரில் பத்தொன்பதரை நிமிடம். நாலில் எழுபத்தெட்டு. தேவை எண்பது. டார்லாவின் தராசு காட்டிய பத்து அவுன்ஸ் குறைவும் அதையேதான் சொன்னது. இரண்டு நிமிடம் என்பது சிறிய எண். அந்த ஆழத்தில், இருட்டில், வாயில் வரும் காற்று கனத்துப்போய் நின்றுவிட்ட பிறகு வரும் இரண்டு நிமிடத்தை நினைத்துப் பார்த்தேன். 

கடையை மூடும் நேரத்தில் திரும்பிப் போனேன். டார்லா குழாய்களைச் சுற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எழுபத்தெட்டு," என்றேன்.

"நான் எழுபத்தேழுன்னு நினைச்சேன்."

"ராய்ஸ்கிட்ட சொல்லிட்டியா?"

"எடை குறையுதுன்னு சொன்னேன். எட்டு நிமிஷம் மிச்சம் இருக்கே, அதுல கழிச்சுக்கோன்னான்." மாட்டிய குழாயை எடுத்து மறுபடி மாட்டினாள். "நான் சொன்னா பொண்டாட்டி பயந்துட்டான்னு நினைப்பான் சார். ரெண்டு தடவை பயந்தும் இருக்கேன், சும்மாவே. தாள்ல இருக்கறது உங்க கையெழுத்து. நீங்க சொல்லணும்."

"இன்னொரு சிலிண்டர் உள்ள கொண்டுபோய் வெச்சிட்டா?"

"வைக்க ஒரு நாள் ஆகும். அந்த ஆழத்துக்குப் போனவன் மறுநாளே போக முடியாது. ஞாயித்துக்கிழமை ஆறு வந்துடும்."

ஆறு தொடங்கும் ஜார்ஜியாவில் பத்து நாளாக மழை. சுவானி ஆறு ஏறிக்கொண்டிருந்தது. ஊற்றைவிட ஆறு உயர்ந்துவிட்டால் தண்ணீர் தலைகீழாகக் குகைக்குள் பாயும். தேநீர் நிறத்தில், கை நீட்டினால் விரல் தெரியாது. பிறகு ஆகஸ்ட்வரை யாரும் போக முடியாது. போன வருடமும் இப்படித்தான் போயிற்று. அதற்கு முந்தைய வருடமும். ராய்ஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. மூட்டுகள் இரவில் வலிப்பதை டார்லாவிடம் மறைக்கிறான். டார்லா தெரியாததுபோல் இருக்கிறாள்.

"கொஞ்சம் முன்னாலேயே திரும்பச் சொன்னா?"

டார்லா என்னைப் பார்த்தாள். "கயிறு முடியற இடத்தைப் பார்த்துட்டு அவன் திரும்புவானா சார்? உங்களுக்கு அவனைத் தெரியாதா?"

சனிக்கிழமை காலை ஊற்றுக்குப் போனேன். நீர்மேல் பனிப்புகை. சைப்ரஸ் வேர்களுக்கு நடுவே மரப்படிகள் இறங்குகின்றன. மேலிருந்து நாலாவது படிவரை தண்ணீர் வந்திருந்தது. போன வாரம் ஏழாவது படியில் இருந்தது. ராய்ஸ் மார்பளவு நீரில் நின்று வாயுக்குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். பிலார் நீர் தொடும் படியில் உட்கார்ந்து துடுப்புச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். டார்லா வரவில்லை. வந்தால் அது அவள் பயமாகிவிடும் என்று வராமல் இருந்தாள் என்று நினைக்கிறேன். அவள் எப்படி அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தாளோ.

"வாத்தியாரே! வழியனுப்ப வந்தீங்களா, தாமதமா வந்தேன்னு பெஞ்சுல ஏத்த வந்தீங்களா?" என்றான் ராய்ஸ்.

"ராய்ஸ், என் கணக்கு தப்பு."

அவன் குழாயை விடவில்லை. "எவ்வளவு தப்பு?"

"எண்பத்தெட்டு இல்லை. எழுபத்தெட்டு. தராசுல ஏத்திப் பார்த்தாச்சு. நானும் திரும்பப் போட்டுட்டேன். கேஜ் காட்டற அளவு உள்ள இல்லை."

"ரெண்டு நிமிஷம்." அவன் சிரித்தான். "நான் ஆமை மாதிரி மூச்சு விடறவன். பிலாரைக் கேளுங்க. ரெண்டு நிமிஷத்தை மூக்கைச் சொறியறதுல மிச்சம் பிடிச்சிடுவேன்."

"யோவ், ஆமையாம்," என்றாள் பிலார். "போன தடவை அந்தக் குறுகல்ல மாட்டிக்கிட்டு எருமை மாதிரி இழுத்தியே, அது யாரு? உங்க அண்ணனா?"

"நீ பேரு வெச்ச அந்தத் தபால் பெட்டி இடுக்கு அவ்வளவு சின்னதா இருந்தா நான் என்ன பண்ண?"

"தின்னு தின்னு நீ பார்சல் ஆயிட்டே. கடுதாசியா இருந்தப்ப நுழைஞ்சே."

அவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு நீரின்மேல் போய் எதிர்க்கரையில் முடிந்தது. பிலாரின் கைகள் மட்டும் செருப்பின் வாரை இறுக்காமல் நின்றுவிட்டதைப் பார்த்தேன்.

"வாத்தியாரே," ராய்ஸின் குரல் இறங்கியது. "ஒம்பது வருஷம். அந்தக் கயிறு நுனிக்கு அப்பால சுவர் வெளுப்பா விரியுது. நான் விளக்கடிச்சுப் பார்த்தேன். எதிர்ச் சுவரே இல்ல. அந்த இயந்திரம் இதுவரைக்கும் ஒரு தடவைகூட நின்னதில்ல. நின்னாத்தானே உங்க எழுபத்தெட்டு?"

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. இயந்திரம் நிற்காமல் ஓட வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. வகுப்பறையில் என்றால் அந்த ஒன்றைப் புறக்கணிக்கலாம் என்று கரும்பலகையிலேயே எழுதியிருப்பேன். புறக்கணிக்கலாம், கொள்க, என வைத்துக்கொள்வோம். என் வாழ்நாளின் சொற்கள். பதினாறு வருடம் ஒவ்வொரு சிலிண்டராகத் தூக்கி ஏற்றி, எதையும் என வைத்துக்கொள்ளாமல், முள்ளும் தண்டும் சொன்னதை மட்டும் எழுதிவந்தவளை நினைத்தேன்.   ஏன் என்று கேட்காமல் திரும்ப வேண்டும் என்ற அந்த விதியில் எனக்கு இடம் இல்லை. அது நீரில் இறங்குகிறவர்களுக்கு. நான் பழுப்புக் கால்சராய் போட்டுக்கொண்டு கரையில் நிற்கிற கிழவன்.

மூன்றாவது படியில் இறங்கினேன். அடுத்தது நாலாவது. தண்ணீர் ஷூவுக்குள் புகுந்தது. ஊற்றுநீர் எப்போதும் ஒரே குளிர்ச்சி. ஐந்தாவதில் முழங்கால் நனைந்தது. கையை நீட்டிக் கட்டைவிரலை மேலே தூக்கினேன்.

ராய்ஸ் அதைப் பார்த்தான். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பிலார் என் கையைப் பார்த்தாள், ராய்ஸைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் தன் கட்டைவிரலைத் தூக்கினாள்.  

ராய்ஸ் பதிலுக்கு விரலைத் தூக்காமல், வாய்க்குழாயைப் பற்களுக்கிடையில் வைத்து, முகமூடியை அழுத்திக்கொண்டு அமிழ்ந்தான். அந்த இயந்திரத்தில் குமிழி வராது. அதனால் அவன் கோபமாகப் போனானா, அமைதியாகப் போனானா என்று மேலிருந்து தெரியவில்லை. தண்ணீர் மட்டும் இன்னும் கண்ணாடியாக இருந்தது. பதினைந்து அடி கீழே, வெள்ளை மணலில், குகைக் கயிறு தொடங்கும் மரத்துண்டின் அருகே அவன் மண்டியிட்டான். ஒரு கை கயிற்றின் முதல் முடிச்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் கையை இறக்கவில்லை. எனக்குத் தோள் வலிக்கத் தொடங்கியது. ஊற்றை ஆற்றோடு சேர்க்கும் ஓடையின் வாயிலிருந்து ஆற்றுநீரின் முதல் பழுப்பு இழை ஒன்று, தேநீரில் நனைத்த நூல்போல், மேற்பரப்பில் மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்தது. அது அவன் தலைக்கு மேலே வருவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று குனிந்தேன். அவனுடைய இன்னொரு கை மணலை விட்டு எழுந்துகொண்டிருந்தது. விரல்கள் மடங்கியிருந்தன. கட்டைவிரலும் இன்னும் அவற்றோடு சேர்ந்தே இருந்தது.